உபரிச் சேவலும் உத்தமபுத்திரர்களும்

டிஸ்கி: இந்தப் பதிவில் கோழி சாகும். மனசு தாங்காதவர்கள் இப்பவே வேற பக்கம் தாவிவிடலாம். தாவுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி, காலையில ஆம்லெட் சாப்பிட்டீங்களா? சாப்பிட்டிருந்தா தாவாதீங்க, உட்காருங்க. உங்களுக்காகத்தான் எழுதறேன்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் எங்க வீட்டில் விடியல் என்பது நாலு பத்துக்கு. நாலு பத்துக்கு முதல் சேவல், நாலு பன்னெண்டுக்கு ரெண்டாவது, நாலே காலுக்குள் பதினோரு சேவலும் ஆஜர். கூடல்நகர் ஸ்டேஷன்ல ரயில் ஹாரன் அடிச்சா அதுக்கும் ஒரு ரவுண்டு பதில் மரியாதை உண்டு. "2011ல ஆனையூரை மாநகராட்சியோட சேர்த்துட்டாங்க, நாமளும் மதுரைக்காரங்க ஆயிட்டோம்" என்று அப்பா இன்னமும் பெருமையாகச் சொல்வார். சேவல்களுக்கு அந்த அரசாணை வந்து சேரலை போல.

ஒரு ஞாயித்துக்கிழமை எதிர்வீட்டு மாமா வாசலுக்கே வந்துட்டார். தங்கமான மனுசர், ரிட்டயர்டு. "தம்பி, தப்பா நினைக்காதீங்க. ஒரு சேவல்னா அது அலாரம். பதினோரு சேவல்னா எனக்கு பிரஷர் மாத்திரை" என்றார். நியாயமான பேச்சு. சாரி கேட்டுக்கிட்டு, ஒரு வாரம் டைம் வாங்கிக்கிட்டு உள்ளே வந்தேன். (டெட்லைன் தள்ளிப் போடறது நமக்குத் தொழில்ல பழக்கம்தானே.)

அன்னிக்கு ராத்திரி இதைக் காலேஜ் நண்பர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். ஆறுதல் கிடைக்கும்னு நினைச்சேன். கிடைச்ச ரெண்டு பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஒண்ணு: "மாப்ள, இதுக்கு எதுக்குடா டென்சன்? கண்மாய்க்கரைல கொண்டு போய் விட்ரு. சுதந்திரமாத் திரியட்டும்." இன்னொண்ணு, சில சேவல் குழம்புக்குத்தான்னு நான் சொன்னதுக்கு, பெங்களூரில் இருக்கிற நண்பர் போட்டது: "குஞ்சுல இருந்து வளர்த்ததை அறுக்க எப்படிடா மனசு வருது?" இவர் கறி தொடமாட்டார். முட்டை மட்டும் தினமும் ரெண்டு. ஜிம்முக்குப் போறாராம்.

ரெண்டு பேருமே நல்லவங்க. பிரச்சினையே அதுதான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். போன வருசம் சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல அக்கா பையன் ரெண்டு கலர்க் கோழிக்குஞ்சு வாங்கிட்டு வந்தான். ஒண்ணு பச்சை, ஒண்ணு ரோஸ். ஆறு வயசு. "மாமா, இது பெருசானா பச்சைக் கோழி ஆகுமா?" என்று கேட்டான். ஆகும்டான்னு சொன்னேன். பச்சை மூணாம் நாளும் ரோஸ் நாலாம் நாளும் செத்துப் போச்சு. பையன் ரெண்டு நாள் சோறு திங்கலை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான், நிஜக் கோழியே வளர்த்துக் காட்டறேன்டான்னு வாக்குக் கொடுத்தேன். திட்டம் ரொம்ப எளிமையானது: ஆறு பெட்டைக்கோழி. வீட்டுக்கு முட்டை. வீட்டுக்குப் பின்னாடி முக்கால் சென்ட் இடம், ஒரு வேப்பமரம். போதாதா?

உசிலம்பட்டிப் பக்கம் ஊருல இருக்கிற அப்பத்தாகிட்ட கேட்டேன். ஒரு அடைக்கோழியும் பதினோரு முட்டையும் கொடுத்துச்சு. அதோட நிறுத்தியிருந்தா நான் மனுசன். ஆனா நான் படிச்சது எஞ்சினியரிங். பேக்கப் இல்லாம எதையும் ப்ரொடக்ஷனுக்கு விடக்கூடாதுன்னு ரத்தத்துலயே ஊறிப் போயிருக்கு. கோழி பாதியில எழுந்து போயிட்டா? எல்லாம் கூமுட்டையாப் போயிட்டா? ஆன்லைன்ல 24 முட்டை இன்குபேட்டர் ஒண்ணு ஆர்டர் பண்ணினேன். வீடியோ போடற அண்ணன்கள் எல்லாம் "முதல் தடவை பாதிதான் பொரிக்கும்" என்று சொன்னதால் 24 குழியையும் நிரப்பினேன். முப்பத்தேழரை டிகிரி, ஈரப்பதம், திருப்பி வைக்கிறது, ஏழாம் நாள் இருட்டில் மொபைல் டார்ச் அடிச்சு உள்ளே ரத்த நரம்பு ஓடுதான்னு பார்க்கிறது, பதினெட்டாம் நாளோட திருப்பறதை நிறுத்தறது. அலுவலக வேலையைக்கூட இவ்வளவு சிரத்தையா நான் பார்த்ததில்லை. இருபத்தொண்ணாம் நாள் மெஷினில் 19 குஞ்சு. பஞ்சாரத்துக்குள்ளே கோழிக்கடியில் 10.

ஆறு கேட்டவனுக்கு இருபத்தொன்பது.

முதல் வாரம் சொர்க்கம். தெருவே வந்து பார்த்துச்சு. ரெண்டாவது வாரத்துல இருந்துதான் கணக்கு உதைக்க ஆரம்பிச்சது. மெஷின்ல பொரிச்ச பத்தொன்பதையும் தாய்க்கோழி ஏத்துக்கலை, கொத்தி விரட்டுச்சு. அதுகளுக்குத் தனியா அட்டைப்பெட்டி, தனியா பல்பு. மார்கழிக் குளிர்ல கரண்ட் போன ஒரு ராத்திரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கி ரெண்டு செத்துச்சு. ஒண்ணு தண்ணிக் கிண்ணத்துல. ஒண்ணைக் காக்கா தூக்கிட்டுப் போச்சு. மிச்சம் 25. எட்டு வாரம் வரைக்கும் குஞ்சு ஒண்ணுக்கு ஒரு சதுர அடி, அப்புறம் ரெண்டு சதுர அடின்னு கூட்டுக்குக் கணக்கு சொல்வாங்க. நான் கட்டி வச்சிருந்தது ஆறு கோழிக்கான கூடு. இடம் பத்தலைன்னா குஞ்சுகள் என்ன செய்யும் தெரியுமா? ஒண்ணு இன்னொண்ணோட வால்பக்கம் கொத்தும். ரத்தம் தெரிஞ்சா மத்ததெல்லாம் சேர்ந்து கொத்தும். கீழே ஈரமா இருந்தா ரத்தக்கழிச்சல் வரும். வெள்ளைக்கழிச்சலுக்கு அரசாங்கமே வருசா வருசம் முகாம் போட்டு ஊசி போடுது, அது பரவாயில்லை. ஆனா நெரிசலுக்கு ஊசி கிடையாது.

எட்டாவது வாரம் கொண்டை சிவக்க ஆரம்பிச்சது. எண்ணிப் பார்த்தேன். பெட்டை 12, சேவல் 13.

இங்கேதான் நான் என் மண்டையில அடிச்சுக்கணும். பனிரெண்டாங் கிளாஸ் உயிரியல்லயே படிச்சதுதான். மனுசனுக்கு அப்பன் வழியா ஆணா பெண்ணான்னு முடிவாகுது, பறவைக்குத் தாய் வழியா முடிவாகுது. கோழியோட முட்டையில பாதிக்கு ஒரு குரோமோசோம், பாதிக்கு இன்னொண்ணு. ஆக சரிபாதி ஆண். இதுல ரகசியம் ஒண்ணும் இல்லை. ஆனா கோழி வளர்க்கணும்னு நினைக்கிற எவனோட திட்டத்துலயாவது சேவல் இருக்கா? "பத்து முட்டை வச்சா பத்து கோழி, பத்து கோழி வருசத்துல நூறு கோழி" என்று வீடியோவில் கால்குலேட்டர் தட்டற அண்ணன் ஒரு இடத்துலயாவது ரெண்டால வகுக்கறாரா? நம்ம தொழில்ல அபூர்வமா வர்ற சிக்கலை எட்ஜ் கேஸ்னு சொல்லி ஓரமா ஒதுக்கி வைப்போம். ஐம்பது சதவீதம் எட்ஜ் கேஸ் கிடையாதுங்க. அது பாதி.

எட்டு பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். முட்டை மட்டும் போதும்னா அந்த ஒண்ணுகூட வேண்டாம். (சேவல் இல்லாமலே கோழி முட்டை போடும் என்பது இன்னமும் எங்க டீம்ல பாதிப் பேருக்குத் தெரியாது. ஒருத்தர் என்னோட பந்தயமே கட்டினார்.) ஆக 13ல் 12 அதிகப்படி. "குஞ்சு ஜாஸ்தி ஆயிருச்சு" என்று நாம சொல்றோமே, அதுக்கு உண்மையான அர்த்தம் "சேவல் ஜாஸ்தி ஆயிருச்சு" என்பதுதான். பெட்டை ஜாஸ்தியாப் போச்சுன்னு அழுத ஆளை நான் பார்த்ததில்லை. என்னோட ஆறு உபரிப் பெட்டையும் ஒரே சனிக்கிழமைல போயிருச்சு. அக்கா ரெண்டு, பக்கத்துத் தெரு ரெண்டு, அம்மாவோட சிநேகிதி ரெண்டு. காசு கொடுத்து வாங்கிட்டுப் போனாங்க. சேவலை ஓசியில கொடுத்தாலும் "வேணாம்ப்பா, கத்தும்".

இப்ப அந்த முதல் நண்பரோட யோசனைக்கு வர்றேன். கண்மாய்க்கரை. சுதந்திரம்.

எனக்கு ஏன் அவ்வளவு கோவம் வந்துச்சுன்னா, அவர் சொல்றதுக்கு மூணு வாரம் முன்னாடியே நான் அதைச் செஞ்சு முடிச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்லலை. அம்மாகிட்டகூட "ஒரு தோட்டத்துக்காரர் கேட்டார், கொடுத்துட்டேன்" என்று பொய் சொன்னேன். சாயங்காலம் மூணு சேவலைச் சாக்குல போட்டு வண்டியில வச்சு, ஊரைத் தாண்டி ஒரு கோயில் மரத்தடியில விட்டேன். கொஞ்சம் கம்பு தூவினேன். அதுக பாட்டுக்குக் கொத்த ஆரம்பிச்சது. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. "போங்கடா, நல்லா இருங்க"ன்னு சினிமா டயலாக் எல்லாம் விட்டேன். திரும்பி வரும்போது மனசு லேசா இருந்துச்சு பாருங்க, அந்த லேசுதான் இந்த மொத்த விசயத்துலயும் அசிங்கமான பகுதி.

மறுநாள் காலைல சும்மா பார்த்துட்டு வரலாம்னு போனேன். மரத்தடியில ஒரு இடத்துல சிவப்பு இறகு, கொஞ்ச தூரத்துல கறுப்பு வெள்ளை இறகு. நாலு நாய் நிழல்ல படுத்திருந்துச்சு. மூணாவது சேவல் சுவத்துக்கும் மரத்துக்கும் இடுக்குல ஒண்டியிருந்துச்சு. வலது கால் தொங்கிப் போயிருந்துச்சு. என்னைப் பார்த்ததும் ஓடலை. என்கிட்ட வந்துச்சு. தீனி போடற ஆள் வந்துட்டான்னு நினைச்சிருக்கும்.

சுதந்திரமாம். வீட்டுச்சேவல் காட்டுக்கோழி இல்லைங்க. பல ஆயிரம் வருசமா மனுசனோட கூரைக்குக் கீழேயே வாழ்ந்த ஜாதி. அட்டைப்பெட்டியில பல்பு வெளிச்சத்துல வளர்ந்ததுக்கு நாயும் தெரியாது, கீரியும் தெரியாது, ராத்திரி எந்தக் கொப்புல ஏறணும்னும் தெரியாது. அதைக் கொண்டு போய் விடறது விடுதலை கிடையாது. கொலைதான். என்ன ஒண்ணு, கத்தி நாயோட வாயில இருக்கும், நம்ம கை சுத்தமா இருக்கும். 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்துலகூட, நியாயமான காரணம் இல்லாம ஒரு பிராணியைப் பசி தாகத்துல தவிக்கிற மாதிரி கைவிடறதை 11ஆம் பிரிவுல குற்றம்னுதான் எழுதி வச்சிருக்காங்க. ஒரு சேவலுக்காக யாரும் நம்மளைப் பிடிச்சு உள்ளே போடப் போறதில்லை. ஆனா சட்டம் எழுதினவங்களுக்கே இது கருணை இல்லைன்னு புரிஞ்சிருக்கு, நமக்குப் புரியலை.

"வளர்க்கக் கொடுத்துட்டேன்" என்பது இதோட இன்னொரு வடிவம். ஓசியில சேவல் வாங்கிட்டுப் போறவர் அதை மடியில வச்சுக் கொஞ்சப் போறார்னு நினைக்கிறீங்களா? குழம்புதான். அதுல தப்பே கிடையாது. ஆனா நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், ரெண்டு பேரும் தெரியாத மாதிரி நடிக்கிறோம். "நல்ல இடமாப் பார்த்துக் கொடுத்தேன்"னு நாம வெளியில சொல்லிக்கலாம், அவ்வளவுதான் லாபம். நாய் பூனை பார்த்துக்கிற காப்பகம் ஒண்ணுல போன் போட்டுக்கூடக் கேட்டேன். அந்தம்மா சிரிச்சுட்டாங்க. "தம்பி, சேவலை எடுக்க ஆரம்பிச்சா நாங்க வேற எதையும் எடுக்க முடியாது."

சரி, இப்ப ரெண்டாவது உத்தமபுத்திரர். தினம் ரெண்டு முட்டை நண்பர்.

ஐயா, உங்க தட்டுல இருக்கிற முட்டையைப் போட்ட கோழிக்கு ஒரு அண்ணன் இருந்தான். அவன் எங்கே?

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. நாமக்கல்லுல இருந்து லாரி லாரியா முட்டை வருதே, அந்த முட்டைக்கோழியும் முட்டையில இருந்துதான் வந்தாகணும். அங்கேயும் அதே பாதிக்குப் பாதி கணக்குதான். நாட்டுக்கோழிச் சேவலாவது குழம்புக்கு ஆகும். முட்டைக்குன்னே உருவாக்கின இனத்துல ஆண் குஞ்சுக்குச் சதையும் பிடிக்காது, முட்டையும் கிடையாது. கறிக்கு பிராய்லர்னு தனி இனம், அதுல ஆண் பெண் ரெண்டுமே ஆறேழு வாரத்துல தட்டுக்கு வந்துரும். முட்டை இனத்து ஆணுக்குத்தான் எங்கேயும் இடமில்லை. அதனால பொரிச்ச அன்னிக்கே பிரிச்சிடுவாங்க. ஒரு நாள் குஞ்சோட பின்பக்கத்தைப் பிதுக்கிப் பார்த்து ஆணா பெண்ணான்னு சொல்ற வித்தையை 1920களில் ஜப்பானில் மசூயி, ஹஷிமோட்டோன்னு ரெண்டு ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தாங்க. அதுக்குப் பிறகு கோழித்தொழில் உலகம் முழுக்க மாறிப் போச்சு. பெட்டைன்னா ஊசி போட்டுப் பண்ணைக்கு. ஆண்னா அரவை எந்திரம், இல்லைன்னா விஷவாயு, இல்லைன்னா சாக்கு. உலகத்துல வருசத்துக்குச் சுமார் 700 கோடி ஆண் குஞ்சு இப்படிப் போகுதுன்னு ஒரு மதிப்பீடு ரொம்ப நாளாச் சொல்லப்பட்டு வருது. ஜெர்மனி 2022 ஜனவரியில் இருந்து இதைச் சட்டம் போட்டு நிறுத்திருச்சு, பிரான்ஸ் 2023ல் இருந்து. அங்கே முட்டைக்குள்ளே இருக்கும்போதே ஆணா பெண்ணான்னு சோதிச்சு ஒதுக்கிடறாங்க. அப்படிக் கண்டுபிடிக்கிறதுக்குச் செலவு ஆகும். முட்டை விலை ஏறும்.

நம்ம ஊருல அரவை எந்திரத்துக்குப் போகாம தப்பிச்ச அண்ணன்கள் எங்கே வர்றாங்க தெரியுமா? சாயத்துல முக்கி, கூடையில போட்டு, திருவிழாவுக்கு வர்றாங்க. பச்சை ஒண்ணு, ரோஸ் ஒண்ணு. அக்கா பையன் கையில இருந்தது அதுதான். பொரிச்சு ஒண்ணு ரெண்டு நாள்ல, தாய் சூடும் இல்லாம பல்பு சூடும் இல்லாம, வெயில்லயும் இரைச்சல்லயும் கூடையில கிடந்தது மூணு நாள் தாங்கினதே பெரிசு. கூடைக்காரரைத் திட்டி நாமெல்லாம் வருசா வருசம் ஸ்டேட்டஸ் போடறோம். அவர் மிச்சத்தை விக்கிற கடைசி ஆள். மிச்சம் உருவாகறதுக்குக் காரணம் அவர் இல்லை, காலைல தோசைக்கல்லுல முட்டை உடைச்ச நாம.

நான் முட்டைக்கு எதிரி இல்லை. சத்துணவு முட்டை சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது. 1989ல் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு ஆரம்பிச்சு, 2010ல் வாரம் அஞ்சு முட்டை வரைக்கும் வந்த திட்டம் அது. எங்க வகுப்புல அந்த முட்டைக்காகவே லீவு போடாம வந்த பசங்க உண்டு. அந்த முட்டை வேண்டாம்னு சொல்ற யோக்கியதை எனக்குக் கிடையாது, சொல்லவும் மாட்டேன். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. அண்ணனை யாரோ கண்ணுக்கு மறைவா முடிச்சுக் கொடுத்த பிறகு, தங்கச்சி போட்ட முட்டையைச் சாப்பிட்டுக்கிட்டு, அண்ணனைத் தானே வளர்த்துத் தானே அறுக்கறவனைப் பார்த்து "எப்படிடா மனசு வருது"ன்னு கேட்காதீங்க. உங்களுக்கு மனசு வர வேண்டிய அவசியமே இல்லாதபடி ஏற்பாடு பண்ணி வச்சிருக்காங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

குரூப்பில் இதைச் சொன்னேன். "லாஜிக் எல்லாம் பேசாத மாப்ள"ன்னு சொல்லிட்டு கிரிக்கெட்டுக்குப் போயிட்டாங்க.

அப்பத்தாகிட்ட போய் உட்கார்ந்து பொலம்பினேன். "இருபத்தொம்பதா? எதுக்குய்யா?" என்று கேட்டுச்சு. பதில் சொல்ல முடியலை. அப்பத்தா அறுபது வருசமாக் கோழி வளர்க்குது. அது வீட்டுல சேவல் ஜாஸ்தியாப் போச்சுங்கற பேச்சே எழுந்ததில்லை. ஏன்னு நோண்டி நோண்டிக் கேட்டப்பத்தான் புரிஞ்சது. அடை வைக்கிறதுக்கு முன்னாடியே சேவலுக்கு ஊர் முடிவாகியிருக்கும். ஒண்ணு முனியாண்டிக்கு நேந்தது. ஒண்ணு தீபாவளிக்கு வர்ற மருமகனுக்கு. ஒண்ணு யாராவது பிள்ளை பெத்து வந்தா சாறு வைக்க. மிச்சம் சந்தைக்கு, அந்தக் காசு எங்க அப்பாவோட பரீட்சை பீஸுக்கு. பருந்துக்கும் கீரிக்கும் போறதைக்கூடக் கணக்குல வச்சுத்தான் பதினொண்ணோ பதிமூணோ வைக்கும், அதுவும் கோழியோட வயித்துக்கு அடியில எத்தனை அடங்குமோ அத்தனைதான். மத்த நேரம் கோழி அடைக்கு உட்கார்ந்தா? முட்டையை எடுத்துரும், கோழியைத் தண்ணியில முக்கி எடுத்து, வெளிச்சமும் காத்தும் படற இடத்துல ரெண்டு மூணு நாள் கூடையில கவுத்து வைக்கும். அடை தெளிஞ்சுரும்.

"நீ வளக்கறது திங்கறதுக்கா, கொஞ்சறதுக்கா? அத மொதல்ல சொல்லு" என்றது அப்பத்தா.

ரெண்டுக்கும்தான்னு சொன்னேன். "ரெண்டுக்கும்னா ரெண்டுக்கும் பேர் சொல்லி வளக்கணும். இதக் கொஞ்சுவேன், அதத் திம்பேன்னு. நீ எல்லாத்தையும் கொஞ்சிப்புட்டு எல்லாத்தையும் முழிக்கிறே."

நாலு வருசம் எஞ்சினியரிங் படிச்சு ரிக்வயர்மெண்ட் அனாலிசிஸ்னு ஒரு பேப்பரே எழுதி பாஸ் பண்ணியிருக்கேன். கைநாட்டு அப்பத்தா ஒரே வரியில முடிச்சிருச்சு.

கிராமத்தைத் தூக்கி வச்சுக் கொண்டாடறேன்னு கிளம்பி வராதீங்க. சந்தையில சேவலைத் தலைகீழாக் கட்டித் தொங்கப் போடறதும் அதே கிராமம்தான், சேவல்கட்டுக்கு அலையறதும் அதே ஊர்க்காரங்கதான். நான் சொல்றது கணக்கை மட்டும். அந்தக் கணக்கு இல்லாம மெஷினை மட்டும் நமக்கு விக்கறாங்க. 24 குழி, 48 குழி, 100 குழின்னு. மெஷின் பெட்டிமேல ரெண்டு மஞ்சள் குஞ்சு சிரிக்குது. "இதுல பாதி சேவல், அதுக்கு வழி பண்ணிட்டு சுவிட்சைப் போடவும்"னு ஒரு வரி போட்டா குறைஞ்சா போயிருவாங்க? அதுக்கு மேல வீடியோ அண்ணன்கள். வேலையை விடு, நாட்டுக்கோழி வளர், லட்சத்துல லாபம். இதே பாட்டை ஈமுக்கும் பாடினாங்க. 2012ல் பெருந்துறைப் பக்கம் அந்தக் கம்பெனிகள் சரிஞ்சப்ப போட்ட பணம் போச்சுன்னு ஜனம் அழுதது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கு. பண்ணையில தீனி இல்லாம ஈமு கிடந்து செத்ததும், அரசாங்கம் வந்து தீனி போட வேண்டியிருந்ததும் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? லாபக் கணக்குல பறவை ஒரு எண். எண் ஜாஸ்தியானா சந்தோசம். எண்ணுக்குப் பசிக்கும்னு யாரும் சொல்லித் தர்றதில்லை.

உங்களுக்கு ஆறு கோழி வேணும்னா, போய் ஆறு வெடைக்கோழி வாங்குங்க. நாலஞ்சு மாசம் வளர்ந்தது, கொண்டையும் வாலும் பார்த்தாலே பெட்டைன்னு தெரியும். குஞ்சு விலையைவிடப் பல மடங்கு சொல்வாங்க. கொடுங்க. அந்த விலைக்குள்ள அதோட அண்ணன்களை வளர்த்து, வித்து, வெட்டி வழி பண்ணின ஒரு அம்மாவோட கூலியும் இருக்கு. அப்பவும் அண்ணன் சாகத்தான் செஞ்சிருப்பான், நான் மறைக்கலை. ஆனா கூடையில சாயத்தோட சாகலை, நாய் வாயில சாகலை. குஞ்சு பொரிக்கிறதைப் பிள்ளைகளுக்குக் காட்டியே ஆகணும்னா நாலு முட்டை வைங்க. வர்ற ரெண்டு சேவலுக்கு என்ன செய்யப் போறோம்னு அந்தப் பிள்ளைகிட்டயே மொத நாளே சொல்லிட்டு வைங்க. சொல்ல வாய் வரலைன்னா, வைக்காதீங்க.

கடைசியா என் கதை. மாமாவுக்குக் கொடுத்த ஒரு வார டெட்லைனுக்குள்ள, வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு ஆறு சேவலைத் திருமங்கலம் சந்தைக்குக் கொண்டு போனேன். சாக்குல போடலை, காத்தோட்டமான கூடையில. ஒரு வியாபாரி வந்து ஒவ்வொண்ணா மாரைப் பிடிச்சுப் பார்த்தார். "தம்பி, தீனி நல்லாப் போட்டிருக்கீங்க"ன்னார். பாராட்டு எனக்கு உள்ளே போகவே இல்லை. பேரம் பேசத் தெரியாம அவர் சொன்ன விலைக்கே கொடுத்தேன். கொண்டு போனதை வித்துட்டேன்னு அம்மாகிட்ட இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். பழைய பொய்யையும் சொல்லிட்டேன். அம்மா ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "மூணா விட்டே? அந்தப் பக்கம் நாய் ஜாஸ்தியாச்சேடா" என்றாங்க.

நாலு வீட்டுக்கு. முதல் சேவலைக் கறிக்கடை அண்ணன்கிட்ட கொண்டு போனேன். வழக்கமா நான் டோக்கன் மாதிரி காசைக் கொடுத்துட்டு வெளியில நின்னு மொபைல் பார்க்கிற ஆள். அன்னிக்கு உள்ளே நின்னேன். நான்தான் பிடிச்சுக்கிட்டேன். சூடா இருந்துச்சு, நெஞ்சு டப டபன்னு அடிச்சது கையில தெரிஞ்சது, அப்புறம் தெரியலை. கை நடுக்கம் நிக்கறதுக்கு ஒரு டீ ஆச்சு. அன்னிக்குக் குழம்பு சாப்பிட்டேனான்னு கேட்டா, சாப்பிட்டேன். ரெண்டு துண்டு. ருசியாத்தான் இருந்துச்சு. அதையும் மறைக்கறதா இல்லை. எதிர்வீட்டு மாமாவுக்கு ஒரு தூக்குவாளி போச்சு. மத்த மூணும் அடுத்தடுத்த ஞாயித்துக்கிழமைக்குன்னு பேர் சொல்லியாச்சு, மாமாகிட்டயும் தேதி சொல்லி அனுமதி வாங்கியாச்சு.

அக்கா பையன்கிட்ட நானே சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சான். "அப்ப பச்சைக் குஞ்சும் சேவலா மாமா?" என்றான். ஆமாடா என்றேன். "நீ அன்னிக்கு பச்சைக் கோழி ஆகும்னு சொன்னே."

பதினொண்ணாவது அந்த நொண்டிச் சேவல். அதுக்கு யாரும் தேதி குறிக்கலை. ஆறு பெட்டைக்கும் இப்ப அதுதான் ராஜா. ஒத்தைக் கால்ல தாவித் தாவி வேப்பமரத்து அடிக்கொப்புல ஏறிக்குது. நாலு பத்துக்கு இன்னமும் கத்துது. மாமா, "ஒண்ணுதானே, இருக்கட்டும் தம்பி, அலாரம் வைக்கிற வேலை மிச்சம்" என்றுட்டார்.

பி.கு: நம்ம குரூப்புலயே ஒருத்தர் இதையெல்லாம் கேட்டுட்டு, "அந்த இன்குபேட்டரைப் பாதி விலைக்குத் தர்றியா மாப்ள"ன்னு தனியா மெசேஜ் பண்ணியிருக்கார். இல்லை. அதுல இப்ப அம்மா தயிர் உறை ஊத்தறாங்க. மதுரை வெயிலுக்கு அதுக்கு மெஷினே தேவையில்லை என்பது வேற விசயம்.